ஐப்பிலியின் மூன்றாவது தோட்டா

லீட்டியாவின் புருஷன் ஐப்பிலி இறந்து இருபத்தாறு வருஷமாகிறது. அவளுடைய இப்போதைய புருஷன் பெயரும் ஐப்பிலிதான். இந்த ஐப்பிலிக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும், கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள், எதற்கெடுத்தாலும் கடை அதிரச் சிரிப்பாள். இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. எங்கள் பனிநாட்டில் ஒருவர் கண்ணை மூடினால் அவர் பெயர் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குப் போகும். ஆணா பெண்ணா என்று பெயர் பார்ப்பதில்லை. பெயர் போகிற இடத்துக்கு உறவும் கூடவே போய்விடும்.

பெரிய ஐப்பிலி தெற்கே, பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். வயிற்றில் கட்டி. அவர் பெட்டியில் திரும்பி வந்த குளிர்காலத்தில் அடுத்த வீட்டு மாலாயா நிறைமாதக் கர்ப்பிணி. அவள் கனவில் அவர் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டாராம். “உள்ள வாங்க, தர்றேன்” என்றாளாம். அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. மாலாயா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து லீட்டியாவின் மடியில் போட்டு, “இந்தா, உன் வீட்டுக்காரர் வந்துட்டார். நல்லாப் பாத்துக்க” என்றாள். லீட்டியா அழுத அழுகையில் குழந்தையும் பயந்து அழுதது.

அன்றிலிருந்து லீட்டியா அவளை “ஏங்க” என்றுதான் கூப்பிடுவாள். அவளும் பேச்சு வந்த நாள் முதல் லீட்டியாவை “அடியே” என்பாள். நாலு வயதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அடியே, டீல சக்கர பத்தல” என்று மிரட்டுவாள். பெரிய ஐப்பிலியும் டீ குடிக்கமாட்டார், சர்க்கரைதான் குடிப்பார். ஊரே பார்த்துச் சிரிக்கும், லீட்டியாவுக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் நிறையும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெயர் சுமக்கிற பிள்ளையைத் திட்டினால் பெயருக்குரியவரைத் திட்டினதாகும். அதனால் ஐப்பிலி பிறந்ததிலிருந்து ஊரில் யாரிடமும் ஒரு வசவு வாங்கியதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் திட்டியிருக்கிறார். அவர் தெற்கிலிருந்து வந்தவர், அவருக்கென்ன தெரியும்.

லீட்டியாவுக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்கள் உண்டு. “எனக்குத்தான் புருஷன் இருக்காரே, பள்ளிக்கூடம் போயிருக்கார்” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தைப்பாள், கடல்நாய்த் தோல் பதப்படுத்துவாள், ஊர்க்காவல் படையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருஷத்துக்கொரு முறை கடல் பனிமேல் ரோந்து போவாள். அந்தப் படையில் முதலில் இருந்தவர் பெரிய ஐப்பிலி. அவருக்கு ராணுவம் கொடுத்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி அவருக்குப் பின் லீட்டியா கைக்கு வந்தது. உலகப்போரில் செய்தது; ஊரில் உயிரோடு இருக்கிற எல்லோரையும்விட அதற்கு வயது அதிகம். சில வருஷத்துக்கு முன் ராணுவம் புதுத் துப்பாக்கி கொடுத்து, பழையது வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனசு பண்ணியது. மற்றவர்கள் பழையதைச் சுவரில் மாட்டினார்கள். லீட்டியா புதியதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பழையதையே தோளில் போட்டுக்கொண்டு திரிந்தாள். அதன் கட்டையில் அவர் கன்னம் பட்ட இடம் வழவழவென்று இருக்கும். அவள் கன்னத்தையும் அங்கேதான் வைப்பாள்.

இந்த வசந்தத்தில் ஐப்பிலி ஊரைவிட்டுப் போவதாக முடிவாயிற்று. இன்னும் வடக்கே, விமானத்தில் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில், சிமியோனி என்கிற பையன் மின்சார நிலையத்தில் வேலை பார்க்கிறான்; அவனோடு குடித்தனம் நடத்தப் போகிறாள். நல்ல பையன்தான். லீட்டியாவுக்கு அவனைப் பிடிக்காமலிருக்க ஒரு காரணமும் இல்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரம். அந்த ஊரில் வெள்ளைக் கரடி வீட்டு வாசல் வரைக்கும் வரும். குப்பை கொட்டப் போனாலும் துப்பாக்கியோடுதான் போக வேண்டும்.

“அடியே, என் துப்பாக்கியக் குடு” என்று வந்து நின்றாள் ஐப்பிலி.

“எது உங்க துப்பாக்கி?”

“நல்லா இருக்கே! செத்துப்போயிட்டா என்னுது இல்லன்னு ஆயிடுமா?”

லீட்டியா அதை எடுத்துக் கொடுத்தாள். ஏரிக்கு மீன் பிடிக்க இருவரும் போனபோது ஐப்பிலியே அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். அதுவரை அவள் சுட்டதெல்லாம் மாலாயா வீட்டுச் சின்னத் துப்பாக்கியில்தான்.

அன்று பனியில் துளை போட்டு உட்கார்ந்திருந்தபோது கரடி வந்தது. பெரியதில்லை, ஆனால் பசித்தது. நேரே நடந்து வந்தது. ஐப்பிலி அதன் தலைக்கு மேலே ஒன்று சுட்டாள். நின்றது, போகவில்லை. இன்னொன்று சுட்டாள். மூன்றாவதுக்கு, தோட்டாவைக் குழாய்க்குள் ஏற்றுகிற போல்ட்டைத் தள்ளினால் பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. லீட்டியா பாய்ந்துபோய்ப் பனிவண்டியை முடுக்கி அதன் இரைச்சலோடு கரடியை நோக்கியே ஓட்டினாள். கரடி மனசு மாறித் திரும்பிப் போயிற்று. ஐப்பிலி கொஞ்சநேரம் சிரிக்கவே இல்லை.

“இது சரியாகாம நான் கிளம்பமாட்டேன்” என்றாள் ஐப்பிலி. “இந்த வியாழக்கிழமை விமானம் போனாப் போகட்டும், அடுத்ததுல போறேன்.”

மறுநாள் பெரிய ஐப்பிலியின் தம்பி ஜோவானசி வந்தார். அறுபதைத் தொட்டவர், ஊர்க்காவல் படைக்கு சார்ஜென்ட். துப்பாக்கி நோய்களில் கைதேர்ந்தவர். வெளி அறையில், குளிரிலேயே, பெட்டிமேல் உட்கார்ந்தார். துப்பாக்கியை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்கள். உள்ளே வந்தால் இரும்பு வியர்க்கும், வெளியே போனதும் அந்த வியர்வை உள்ளுக்குள் பனிக்கட்டியாகிவிடும்.

“அண்ணே, உள்ள கொண்டுபோய்க் கட்டிப்புடிச்சுக்கிட்டுத் தூங்குனியா?” என்று ஐப்பிலியைக் கேட்டார்.

“கட்டிப்புடிக்க எனக்கு ஆள் இருக்குடா தம்பி.”

“அந்தப் பொடியனா? அவன் மூணு சட்ட போட்டாத்தான் கண்ணுக்கே தெரிவான்.”

ஐப்பிலி அவர் தொப்பியைத் தட்டிவிட்டாள். அறுபது வயதுக்காரர் அண்ணனிடம் அடிவாங்கிய சந்தோஷத்தில் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டார்.

முதலில் எண்ணெயைச் சந்தேகப்பட்டார். குளிரில் எண்ணெய் கூழாகிவிடும். தோட்டாவை மேலே தள்ளுகிற தட்டு சோம்பேறியாகிவிடும். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, தட்டையும் ஸ்பிரிங்கையும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி எலும்பு மாதிரி காயவைத்தார்கள். ஐப்பிலி பின்பக்கம் போய், ஆளில்லாத மேட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, சுடாமல் போல்ட்டை மட்டும் இழுத்து இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். மூன்றாவது நின்றது.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் ஜோவானசி. கொஞ்சம் இழுத்துவிட்டுப் போட்டார்கள். நின்றது. தோட்டாப் பெட்டியின் வாய் ஓரங்கள் எங்காவது விழுந்து நசுங்கியிருக்கும் என்று தன் வீட்டுச் சுவரிலிருந்த துப்பாக்கியின் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இம்மியும் வித்தியாசமில்லை. சரி, அந்தப் பெட்டியையே மாட்டிப் பார்க்கலாம் என்று மாட்டினார்கள். அதிலும் நின்றது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார்கள். எதிலும் நெளிசல் இல்லை.

“அண்ணி, நீ ஒரு தடவ பாரேன்” என்றார்.

லீட்டியா பெட்டியை நிரப்பி, மேட்டைப் பார்த்து நின்று போல்ட்டை ஓட்டினாள். பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்துப் பனியில் விழுந்தன. மறுபடி செய்தாள். மறுபடியும் பத்து.

“பாத்தியா அண்ணே, துப்பாக்கிக்கும் உன்னப் புடிக்கல. அது பொண்டாட்டி பேச்சத்தான் கேக்குது.”

“நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன், எனக்கென்ன கெட்டுப்போச்சு” என்று ஐப்பிலி துப்பாக்கியை வாங்கினாள். கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து உருவினாள். அதை வாயிலேயே கவ்விக்கொண்டு, கண் தூரத்தில் மேட்டின்மேல் இருக்க, இடது கட்டைவிரலால் தோட்டாவை ஒவ்வொன்றாகத் திணித்தாள். குனிந்து பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி ஒரு தட்டு தட்டினாள்.

லீட்டியா மேட்டை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

அது அவர்தான். அந்தக் கையுறை, அந்தக் கட்டைவிரல், கண்ணை மிருகத்தின்மேலேயே வைத்துக்கொண்டு கையைக் குருடாக விடுகிற அந்த அவசரம். அந்தப் பின்தட்டு. சர்க்கரையும் சிரிப்பும் ஊர் முழுக்கத் தெரிந்தவை. பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கலாம். இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இது லீட்டியா ஒருத்தியைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தோட்டாவின் அடியில் தட்டு மாதிரி ஒரு விளிம்பு உண்டு. மேலே வருகிறதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால், மேலது நகரும்போது கீழதைக் கொக்கி போட்டு இழுக்கும். முதல் ஒன்றிரண்டு தப்பி வந்தாலும், பிறகு இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். பெரிய ஐப்பிலி கடைசிவரை இதை அறியாமலே போனார். துப்பாக்கிக்கு மூக்குமேல் கோபம் என்பார். நின்றதும் ஒன்றும் சொல்லாமல் பின்னால் கையை நீட்டுவார். சறுக்கு வண்டியில் உட்கார்ந்திருக்கும் லீட்டியா வாங்கி, எடுத்து அடுக்கி, திருப்பிக் கொடுப்பாள். அதற்காகவே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற பெண்கள் வீட்டில் பிள்ளைகளோடு கிடக்க, லீட்டியா கரிபூ மான் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தாள், நீண்ட தந்தமுள்ள வால்ரஸ் என்கிற கடல் மிருகங்கள் பனிப்பாளத்தில் படுத்துக் குறட்டை விடுவதைக் கேட்டாள், பனிவீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு படுத்தாள். அவளுடைய வாழ்க்கையின் நல்ல நாட்கள் எல்லாமே அந்தச் சறுக்கு வண்டியின்மேல்தான் நடந்தன.

போல்ட் பாதியில் நின்றது. “பாரு!” என்றாள் ஐப்பிலி.

“என்னமோ தெரியல” என்றாள் லீட்டியா.

முழுப்பொய். ஜோவானசி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை விமானம் வந்தது, ஐப்பிலி இல்லாமல் போனது. லீட்டியா அதன் சத்தம் ஓயும்வரை ஜன்னலில் நின்றாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஐப்பிலி வந்து மூன்றாவது தோட்டாவில் நிறுத்திவிட்டு, பின்னால் கையை நீட்டித் துப்பாக்கியைக் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமலே, அதே மாதிரி. லீட்டியா வாங்கி அடுக்கிக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷமாக ஏங்கிய கை அது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று மனசு பிச்சை கேட்டது.

“பேசாம நீயும் என்கூட வந்துடேன்” என்றாள் ஐப்பிலி, உறைந்த மீனைச் சீவித் தின்றுகொண்டே. “நீ கூட இருந்தா இது நிக்கவே நிக்காது.”

“அந்தப் பையன் என்ன சொல்லுவான்?”

“அவன் கெடக்கான். என் மொத சம்சாரம்னு சொல்லிக்கிறேன்.”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். லீட்டியா அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். போர்வை எத்தனை எடுத்துப்போவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் முடிந்து வந்தபோது வெளி அறையில் துப்பாக்கி இல்லை. மாலாயா வாசலில் நின்று, “உன் வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிட்டார். ஊருக்குப் போறதுக்குள்ள உனக்குக் கொஞ்சம் மீன் புடிச்சு வெச்சுட்டுப் போறாராம்” என்றாள்.

“தனியாவா?”

“துப்பாக்கி இருக்கே, மூணாவது நின்னாலும் ரெண்டு வெடிக்குமேன்னு சொன்னார்.”

லீட்டியா கோயில் பாவாடையோடே பனிவண்டியில் ஏறினாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பாவி, துப்பாக்கியில் கோளாறில்லை என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா? கரடி வந்தால், பொண்டாட்டி வந்து அடுக்கிக் கொடுக்கட்டும் என்று அது காத்திருக்குமா? இங்கே இல்லாவிட்டாலும் வடக்கே, அந்தக் குப்பைமேட்டில், என்றைக்காவது ஒரு நாள். காற்று கண்ணீரைக் காதுப்பக்கம் தள்ளி உறையவைத்தது.

ஐப்பிலி பனித்துளை பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளை வெளியைத் தவிர ஒன்றுமில்லை. “அடியே, என்ன கோயில் துணியோட வந்திருக்க? சாமியாரத் தொரத்திட்டு வந்தியா?”

லீட்டியா துப்பாக்கியை எடுத்தாள். தோட்டாப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். விளிம்புமேல் விளிம்பு, எல்லாம் பின்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. பிறகு அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதுசு.

“உங்களுக்குத் தோட்டா போடத் தெரியாது.”

“என்ன?”

“தெரியாது! என்னைக்குமே தெரியாது! நான் உங்களக் கட்டிக்கிட்ட நாள்லேருந்தே உங்களுக்குத் தெரியாது. கண்ண எங்கயோ வெச்சுக்கிட்டு, மூட்டைல துணி திணிக்கிற மாதிரி திணிச்சா எப்படி வரும்? துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தமெல்லாம் உங்க மேலதான். அறிவு வேணாம்? ஒரு தடவயாவது குனிஞ்சு பாத்தீங்களா?”

ஐப்பிலியின் கையிலிருந்த டீ சாய்ந்து பனியில் கொட்டியது. பிறந்ததிலிருந்து சொந்த ஊராரிடம் வசவு வாங்காதவள். வாங்கினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

லீட்டியா மண்டியிட்டு உட்கார்ந்தாள். பாவாடை நனைந்தது. பத்துத் தோட்டாவையும் கொட்டி, ஒன்றை எடுத்துப் போட்டு, அடுத்ததை அதன் விளிம்புக்கு முன்னால் வைத்துக் காட்டினாள். “இப்படி. முன்னால. பின்னாலத் தட்டக்கூடாது. பாத்துப் போடணும்.” அவ்வளவுதான் விஷயம். சொல்லி முடிக்க ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஐப்பிலி தோட்டாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். அதில் விளையாட்டு இல்லை. ஒரு பெண்பிள்ளை பெரியவளிடம் கேட்கிற கேள்வியாகவும் அது இல்லை.

“இத்தன வருஷமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

லீட்டியாவுக்கு உதடு கோணிக்கொண்டது.

“சொல்லியிருந்தா நீங்க தனியாப் போயிருப்பீங்க.”

ஐப்பிலி எழுந்து வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். மூக்கை அவள் கன்னத்தில் அழுத்தி மூச்சை இழுத்தாள், எங்கள் ஊர் முத்தம்.

“போடுங்க” என்றாள் லீட்டியா. “நான் பாக்கணும்.”

ஐப்பிலி குனிந்து பார்த்துப் பார்த்துப் போட்டாள். எழுந்து, காலிப் பனிவெளியைப் பார்த்து நின்று, போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்றாவது வந்தது. நாலு, ஐந்து என்று பத்தும் வந்து விழுந்தன. ஐப்பிலி சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டாள். பின்னால் கையை நீட்டவில்லை.

லீட்டியா விழுந்து கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கி, பாவாடையில் துடைத்து, அவள் பையில் போட்டாள். தேம்பலுக்கு நடுவே சொன்னாள்:

“வியாழக்கிழமை விமானத்துல போயிட்டு வாங்க.”